நாலாவது கடைசித் தேதி

ஒரு நாளைக்கு நாற்பது பேராவது என்னைத் திருடி என்கிறார்கள். ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டு இப்போதெல்லாம் உறைப்பதில்லை. "வணக்கம், நான் கம்பெனியிலிருந்து பேசுகிறேன்" என்று ஆரம்பித்ததுமே பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் திட்டிவிட்டு வைப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பெயரைச் சொல்லிப் போன் செய்து பாஸ்வேர்டைக் கறந்துகொண்டு போகிற கூட்டம் ஒன்று திரிகிறது. அதனால் கம்பெனியே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது: நாங்கள் உங்களை ஒருபோதும் தொலைபேசியில் அழைக்க மாட்டோம், யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். அனுப்பிய கையோடு எங்களைக் கூப்பிட்டு, இந்தா லிஸ்ட், எல்லாருக்கும் போன் போடு என்று உட்கார வைத்துவிட்டது. போன வாரம் ஒரு பல் டாக்டர் சொன்னார், "நேத்து ஒரு திருடன் பேசினான். உங்களைவிடப் பொறுமையா பேசினான்மா." பேசியிருப்பான். எனக்கு ஓர் ஆளுக்கு நாலு நிமிஷம்தான். அவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கம்பெனி என்றால் எங்கள் துறையில் ஒன்றுதான். பல் செட், செயற்கைக் கால், முதுகுப் பட்டை என்று வெளியே செய்து உடம்பில் மாட்டுகிற எதற்கும் கணினியில் வடிவம் போட வேண்டும். அந்த மென்பொருளை விற்கிற கம்பெனிகள் ஒரு காலத்தில் ஐந்து இருந்தன. எங்கள் கம்பெனி ஒவ்வொன்றாக வாங்கியது. வாங்கியதும் முதல் வேலையாக, "உங்களுக்குப் பிடித்தது எல்லாம் அப்படியே இருக்கும்" என்று ஒரு அறிக்கை வரும். ஒரு வருஷம் அப்படியே இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை நெரிப்பார்கள். கடைசியாக வாங்கிய மென்பொருளுக்கு ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர் 'சின்னது'. இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதியது. உதவி கேட்டுப் போன் செய்தால் அந்த இருவரில் ஒருவரே எடுத்துப் பேசுவாராம். அப்படித்தான் என் அண்ணன் சொல்வான்.

அண்ணன் செயற்கைக் கால் செய்கிறவன். டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவனுடைய பட்டறை. முன் அறையில் அண்ணி மேசை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வார். உள்ளே நீள அறை. இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பிகள், நடந்து பார்க்க. அதற்கும் உள்ளே அவன் வேலை செய்யும் இடம். இந்த ஊரில் கால் செய்ய வேறு ஆள் கிடையாது. அடுத்த ஆளுக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், அதுவும் ஒற்றைக் காலோடு.

கால் செய்வதில் கஷ்டமான பகுதி சாக்கெட். மிச்சம் இருக்கிற காலின் முனை போய் உட்காரும் கிண்ணம் அது. முனையை ஸ்கேன் எடுத்து, திரையில் அந்த வடிவத்தைத் திருத்தி, பஞ்சு மாதிரியான ஒரு கட்டையில் மெஷினால் செதுக்கி, அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கை இழுத்துச் செய்வார்கள். திருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. எலும்பு முட்டுகிற இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தள்ள வேண்டும், சதை தாங்குகிற இடத்தில் ஒன்று அழுத்த வேண்டும். ஆள் நடந்து பார்த்து, வலிக்கிறது என்று சொல்லி, மறுபடி திருத்தி, மறுபடி நடந்து பார்த்து. அவனிடம் கால் செய்துகொண்ட ஒரு டீச்சருக்கு அது சரியாக வர ஏழு தடவை ஆனது. நாள் முழுக்க வகுப்பில் நிற்கிற வேலை அவருக்கு. ஏழாவது தடவை ரத்தம் வராமல் வீட்டுக்குப் போனார் என்று அண்ணன் அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஒருவருக்கு எங்கே வலிக்கும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். அப்படி அறுநூற்று நாற்பது பேர் அவனிடம். பதினோரு வருஷ உழைப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். 'சின்னது' புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்துங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அண்ணன் வீட்டுக்கே வந்து கேட்டான், "நீ அங்கதானே இருக்க, நீயே சொல்லு, அழுத்தலாமா?" போனில் என்ன பேச வேண்டும் என்று கம்பெனி தாளில் எழுதிக் கொடுப்பதை அப்படியே நம்பியவள் நான். "எதுவும் மாறாதுண்ணா, தைரியமா அழுத்து" என்றேன். அழுத்தினான். மறுநாள் காலை அவனுடைய செதுக்கும் மெஷினை மென்பொருள் அடையாளம் தெரியாது என்றது. அது வேறு கம்பெனி மெஷின். இனி எங்கள் மெஷின் மட்டும்தான் செல்லும். புது மெஷின் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அரத்தை வைத்துக் கையால் ராவினான். அப்படிச் செய்த ஒரு சாக்கெட் ஒரு வாட்ச்மேனுக்குப் புண் வைத்து, அவர் இரண்டு மாசம் படுக்கையில் கிடந்தார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் போன் செய்தால், "வீட்டுப் போனா, ஆபீஸ் போனா?" என்று கேட்பான். வீட்டுப் போன் என்றால் பேசுவான். ஆபீஸ் போன் என்றால் அண்ணியிடம் கொடுத்துவிடுவான். நான் பட்டறைக்குள் நுழைந்தால், "கம்பெனிக்காரி வந்திருக்கா, எல்லாரும் பத்திரம்" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். சிரித்துக்கொண்டு சொன்னால் வலிக்காது என்று யார் சொன்னது?

இந்த வியாழக்கிழமை எனக்கு வந்த லிஸ்டில் அவன் பட்டறையின் பெயர் இருந்தது.

'சின்னது'வை மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புதிய நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு கம்பெனியின் பெரிய மென்பொருளுக்கு மாறினால் கோப்புகள் கூடவே வரும். மாறாதவர்களின் கோப்புகள் அழிக்கப்படும். இது நாலாவது கடைசித் தேதி. முதல் மூன்றும் வந்தன, போயின, யாருடைய எதுவும் அழியவில்லை. ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வேறு லிஸ்டுக்குப் போனோம்.

எங்கள் சூப்பர்வைசர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். அவளிடம் போய் நின்றேன்.

"இந்தத் தடவை நிஜமாவே அழிப்பாங்களா?"

"நிஜம்தான் அக்கா. மேல இருந்து எழுத்துல வந்திருக்கு."

"போன தடவையும் எழுத்துலதானே வந்துச்சு?"

"அப்போ அந்த சர்வரை மூடற தேதி முடிவாகல. இப்போ முடிவாகிடுச்சு. நானே பார்த்தேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவளும் காலையிலிருந்து அறுபது பேரிடம் திட்டு வாங்கியிருந்தாள். "சத்தியமா சொல்றேன் அக்கா. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நேர்லயே போய் சொல்லிடுங்க."

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வீட்டுப் போனா, ஆபீஸ் போனா?"

"ரெண்டும்தான். அண்ணா, நாளைக்கு அஞ்சு மணிக்கு…"

"நாலாவது கடைசித் தேதியா?" என்றான். "அஞ்சாவது எப்போன்னு கேட்டுச் சொல்லு, காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கறேன்." போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆபீஸில் கற்றுக்கொண்ட வார்த்தைகளைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை. அவற்றில் ஒன்றைக்கூட அவன் நம்பமாட்டான்.

பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மூன்றே கால். அண்ணி என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே கை காட்டினார். அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அதான் போன்லயே சொல்லிட்டியே, நேர்ல வேற எதுக்கு?"

"இந்தத் தடவை நிஜம் அண்ணா."

"அப்போ போன தடவையெல்லாம் பொய்யா?"

அவன் கேட்கிற கேள்விகளே இப்படித்தான், எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நீ பயப்படாத," என்றான். கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னான். "உன் கம்பெனி இல்லாம வாழ நான் வழி பண்ணிட்டேன். புதன்கிழமையில இருந்து உங்க ஆளுங்க கோப்பைத் திரையில பார்க்கத்தான் விடறாங்க, செதுக்க விடறதில்ல. ஒப்புக்கிட்டாத்தான் செதுக்கலாமாம். மிரட்டறாங்க. சரி போடான்னு விட்டுட்டேன்." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கம்பளி உறையை எடுத்தான். மிச்சக் காலுக்குப் போடுகிற உறை. அதற்குள்ளிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வெளியே வந்தது. "பதினோரு வருஷமா சனிக்கிழமை தவறாம எல்லாத்தையும் இதுல ஏத்திடறேன். கேட்டுப் பாரு உங்க அண்ணிய."

"காலண்டர்ல டிக் அடிக்கிறது நான்தான்," என்றார் வாசலில் நின்ற அண்ணி. "கல்யாண நாளை மறந்திருக்காரு, இதை மறந்ததில்ல."

"இலவசமா ஒரு ப்ரோகிராம் இருக்கு," என்றான் அண்ணன். "நாலஞ்சு நாட்டுல கால் செய்யறவங்க சேர்ந்து எழுதினது. யாருக்கும் சொந்தமில்ல. அது என் பழைய மெஷினைக்கூட ஓட்டும். நாளைக்கு அதுக்கு மாறிடறேன். திங்கக்கிழமை டீச்சர் வராங்க, சாக்கெட் விரிசல் விட்டுடுச்சு. அவங்களோடதுதான் முதல்ல."

கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என் வேலை போய்விடும். ஒன்பது வருஷத்தில் எங்களிடமிருந்து தப்பித்த ஒரு மனிதனை முதல் முறையாகப் பார்த்தேன், அது என் அண்ணன். "காட்டு" என்றேன். டிஸ்கைச் செருகினான். பெயர்கள் வரிசையாக வந்தன. அவன் எழுதி வைத்த பெயர்கள்: டீச்சர், வாட்ச்மேன், தபால்காரர், இரட்டையரில் மூத்தவள்.

பெயருக்குப் பக்கத்தில் கோப்பின் அளவு இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஒரு கேபி.

மேலே கீழே இழுத்துப் பார்த்தேன். அறுநூற்று நாற்பதும் ஒரு கேபி. ஒரு போட்டோவே அதைவிட ஆயிரம் மடங்கு இருக்கும். ஒரு மனுஷக் கால் எப்படி ஒரு கேபியில் அடங்கும்?

"அண்ணா, நெட் வயரைப் பிடுங்கு."

"எதுக்கு?"

"பிடுங்கேன். பிடுங்கிட்டு டிஸ்க்ல இருந்து டீச்சரோடதைத் திற."

பிடுங்கினான். திறந்தான். கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு ஒரு வரி வந்தது: இக்கோப்பைக் காண இணையத்துடன் இணையவும். தபால்காரரைத் திறந்தான். அதே வரி. இரட்டையரில் மூத்தவளைத் திறந்தான். அதே வரி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த அந்தப் புதிய பதிப்பு, கோப்புகளை அவன் கணினியிலிருந்து எடுத்து எங்கள் சர்வரில் வைத்துவிட்டது. அவன் கணினியில் மிஞ்சியது பெயர்ச் சீட்டு மட்டும். அழுத்தினால் சர்வரிலிருந்து காலை வரவழைத்துக் காட்டும், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அவன் வழக்கம்போல டிஸ்கில் ஏற்றியிருக்கிறான். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, மாற்றிவிடவா என்று கணினி கேட்டிருக்கும். எல்லாவற்றையும் மாற்று என்று வழக்கம்போல அழுத்தியிருப்பான். ஒன்பது வருஷத்து நிஜமான கால்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் சீட்டுகளை வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு நூறு சனிக்கிழமை, சீட்டின்மேல் சீட்டு.

இதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். புதிய பதிப்பை அழுத்தச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் டிஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். "ஒரு தடவைகூட இதைத் திறந்து பார்க்கல," என்றான். "உங்களை நம்பல. இதை நம்பினேன்."

அண்ணி, "இப்போ கம்பெனியில இருக்கறதை ஸ்க்ரீன்ல காட்டுதில்ல, அதைப் போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"போட்டோவைப் பார்த்துக் கால் செய்ய முடியாது," என்றான் அண்ணன். என்னைப் பார்த்தான். "உங்க சர்வர்ல இருந்து நம்ம கணினிக்கு இறக்கிக்க வழி இருக்கா?"

"ஒப்புக்கிட்ட பிறகு இருக்கு. ஒவ்வொண்ணா இறக்கலாம். அதுக்கு முன்னாடி இல்ல."

"ஒப்புக்கிட்டா என்ன ஆகும்? தாளைப் பார்க்காம சொல்லு."

தாளில் இதற்கு ஒரு பதில் உண்டு. நிபந்தனைகளில் பதினாலாவது பிரிவைப் பற்றி யாராவது கேட்டால், இது துறையில் எல்லாரும் பின்பற்றும் நடைமுறைதான் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் என்றால் நாங்கள் ஒருவர்தான் என்பதை யாரும் கேட்பதில்லை.

"அறுநூத்தி நாப்பது பேரோட காலும் கம்பெனிக்கு வந்துடும்," என்றேன். "அவங்க அதை எதுக்கு வேணா எடுத்துக்கலாம். நீ எங்க ரெண்டு மில்லி தள்ளின, எங்க ஒண்ணு அழுத்தினன்னு மெஷினுக்குக் கத்துக் குடுப்பாங்க. அப்புறம் அதுவே சாக்கெட் வடிவம் போடும். அதை உனக்கே விப்பாங்க."

"திரும்ப வாங்கிக்க முடியுமா?"

"முடியாது. அழுத்திட்டா அழுத்தினதுதான்."

அவன் சிரித்தான். வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு. "அவங்க என்னை நம்பித் துணியை விலக்கிக் காட்டறாங்க. யாருக்கும் காட்டமாட்டேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் ஸ்கேன் எடுக்கறேன்."

மணி நாலு இருபது. அறுநூற்று நாற்பது பேரையும் நாற்பது நிமிஷத்தில் கேட்க முடியாது. டீச்சரையாவது கேட்டுவிடலாம் என்று போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் மாலை ஸ்பெஷல் வகுப்பில் இருப்பார், போன் பையில் இருக்கும். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டான். மறுபடி. இடையில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அழித்துத் தொலையட்டும், புதிதாக ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அதைச் சொல்லமாட்டேனென்கிறானே என்ற ஆதங்கமும் இருந்தது.

"உன்னை ஒண்ணு கேக்கறேன்," என்றான். "அஞ்சு மணிக்கு நிஜமாவே அழிச்சிடுவாங்களா? தங்கச்சியா சொல்லு."

"அழிச்சிடுவாங்க அண்ணா."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. ஆறாவது தடவையும் டீச்சர் எடுக்கவில்லை. மணி நாலு ஐம்பது ஆனது.

"நானே அழுத்தறேன்," என்றேன். "பழி என்மேல இருக்கட்டும்."

"டீச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்," என்றான். வயரைத் திரும்பச் செருகினான். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். முப்பத்தொரு பக்க நிபந்தனையைக் கடைசிவரை இழுத்தால்தான் பொத்தான் வரும். இழுத்தான். ஒப்புக்கொள்கிறேன் என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். திரை முழுக்கக் கலர் காகிதங்கள் பறந்தன. எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம் என்று வந்தது.

"குடும்பம்," என்றார் அண்ணி.

எல்லாக் கோப்புகளும் இருந்தன. முதல் வேலையாக டீச்சருடையதை இறக்கினான். திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏழு தடவைத் திருத்தமும் அப்படியே இருந்தது. மெஷினில் கட்டையை மாட்டி ஓடவிட்டான். அது கரகரவென்று செதுக்க ஆரம்பித்ததும் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. அண்ணி டீ போட்டுக்கொண்டு வந்தார். மெஷின் பக்கத்தில் நின்றே குடித்தோம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, நிம்மதியில்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னைக் கேட்டான், நான் சொன்னேன், அவன் நம்பினான். அதற்காக அவன் என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஐந்து பத்துக்கு என் போன் அதிர்ந்தது. ஆபீஸ் குழுவில் செய்தி. வாடிக்கையாளர்களின் கருத்துக்கு மதிப்பளித்து, கடைசித் தேதி மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களுக்கு இதனால் மாற்றம் ஏதும் இல்லை. அதன் கீழேயே சூப்பர்வைசர் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: சாரி அக்கா, எனக்கே இப்பதான் தெரியும்.

படித்தேன். மறுபடி படித்தேன். மூன்று மாதம் இருந்திருந்தால் அறுநூற்று நாற்பது பேரையும் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றவர்களை விட்டிருக்கலாம். கையிலிருந்த டீ தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் அடித்தது. அவன் கையெல்லாம் தூள். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆறு தடவை கூப்பிட்டிருக்கீங்க," என்றார் டீச்சர். பின்னால் பிள்ளைகள் சத்தம். "திங்கக்கிழமை வர வேண்டாமா?"

"வாங்க டீச்சர். செதுக்கிட்டிருக்கேன். அதுக்குக் கூப்பிடல." அண்ணன் தூள் கையாலேயே முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னான். எதையும் பூசி மெழுகவில்லை. உங்கள் காலின் வடிவத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் அதை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திரும்ப வாங்க முடியாது, உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான் என்றான்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் குறைந்தது. டீச்சர் எங்கேயோ தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"வீட்டுக்காரர்கூட அந்தக் காலை முழுசா பார்த்ததில்லைங்க," என்றார். "உங்களுக்கு மட்டும்தான் காட்டியிருக்கேன்."

"தெரியும் டீச்சர்."

"நாளைக்கு வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நாளைக்கு இருந்திருக்காது டீச்சர். அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்க. நானும் முதல்ல நம்பல. என் தங்கச்சி அங்கதான் வேலை பார்க்கறா. லீவு போட்டுட்டு பஸ் ஏறி வந்து சொன்னா. அவ வரலேன்னா உங்க கால் எல்லாம் போயிருக்கும்." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தான். இரண்டு வருஷமாக நான் பார்க்காத பார்வை அது. நான் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க தங்கச்சியே சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் டீச்சர். பெருமூச்சு விட்டார். "சரி. திங்கக்கிழமை வரேன். வேற எங்க போறது."

வைத்துவிட்டார். அண்ணன் போனிலிருந்த தூளைத் துடைத்து மேசைமேல் வைத்தான். "இன்னும் அறுநூத்தி முப்பத்தொம்பது பேர்," என்றான். "நாளையில இருந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லணும். நீயும் வரியா, பேசறதுக்கு? உனக்குத்தான் பழக்கம்." சிரித்தான். நிஜமான சிரிப்பு.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நாளைக்குக் காலை கம்பெனியிலிருந்து அவனுக்கே கடிதம் வந்துவிடும் என்பதுதான் என்னை நேர்மையாக்கியது. அது இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள். போனை நீட்டினேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். தள்ளிப் பிடித்துப் படித்தான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தான். அண்ணி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, தம்ளர்களை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா," என்றேன். "நிஜம்னு நம்பித்தான் வந்தேன்."

"தெரிஞ்சிருக்காது," என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தான். "இதை நான் அந்த அறுநூறு பேர்கிட்ட சொல்லணுமே. எனக்குத் தெரியாது, என் தங்கச்சிக்கும் தெரியாது, இன்னும் மூணு மாசம் இருந்துச்சுன்னு. சொன்னா நம்புவாங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் அனுபவம் உள்ள ஒருத்தியிடம் கேட்பதுபோலக் கேட்டான். எனக்கும் பதில் தெரியும். ஒன்பது வருஷமாக அதே மனிதர்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"நம்புவாங்கண்ணா, கவலைப்படாத," என்றேன். ஆபீஸில் எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில் வந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய், மெஷினை நிறுத்தி, டீச்சரின் காலைக் கழற்றித் தூள் தட்ட ஆரம்பித்தான்.